இரண்டாம் வரிசைத் தொட்டிகள்

நூற்றி முப்பத்திரண்டு. நடுவில் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டோம், சரியாக இருக்காது என்று செவ்வந்தி மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். கைபேசியின் நொடிக்கணக்கில் ஒரு கண், பதினாலாம் தொட்டியின் மூலையில் தலையைக் குத்திக்கொண்டு நின்ற மீனின் செவுளில் ஒரு கண். திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. நூற்றி இருபத்தொன்பது. எண்பதுக்குள் இருக்க வேண்டியது. காலையில் நூற்றுப் பதினெட்டு. நோட்டில் எழுதினாள், தொட்டி 14, பிற்பகல் 2.25, 129. எழுதி முடித்த பிறகுதான் இதை இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. நாலு மணிக்குப் பண்ணைக்காரர் தணிகாசலம் அண்ணன் பிளீச்சிங் பவுடரோடு வந்துவிடுவார். முதல் வரிசையின் பத்துத் தொட்டிகளை முடித்ததுபோல இந்த இரண்டாம் வரிசைப் பத்தையும் முடித்துவிட வேண்டும், அப்போதுதான் மூன்றாம் வரிசையாவது மிஞ்சும் என்று நேற்று மாலை அவரிடம் சொன்னவள் இவளேதான். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. தட்டு மாதிரி வட்டமாக, உள்ளங்கை அகலத்தில், செங்கல் சிவப்பும் நீலக் கோடுமாக நின்றிருக்க வேண்டிய டிஸ்கஸ் மீன்கள் எல்லாம் புகை படிந்த அடுப்புச் சுவர் போலக் கறுத்து, துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. திடீரென்று ஒன்று காரணமே இல்லாமல் விருட்டென்று பாய்ந்து கண்ணாடியில் மோதும். டொக். பிறகு மறுபடியும் மூலை. சிக்லிட் என்ற மீன் குடும்பத்திலேயே இதுதான் ரொம்ப அலட்டிக்கொள்ளும் ஜாதி என்று கல்லூரியில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தண்ணீர் கொஞ்சம் புளித்தால் சாப்பிடாது, ஆள் மாறினால் சாப்பிடாது, பக்கத்துத் தொட்டியில் சண்டை என்றால் இது சாப்பிடாது. சரி, அலட்டட்டும். சாகாமல் அலட்டட்டும்.

நிச்சயமாத்தானா, என்று தணிகாசலம் அண்ணன் ஒருமுறைதான் கேட்டார். மூன்று நாளைக்கு முன்னால், இதே இடத்தில் நின்று. நிச்சயம்ணே, என்றாள். அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று இப்போது எத்தனை தரம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தாலும் பிடிபடவில்லை. அதற்கு முந்தைய வாக்கியம் நினைவிருக்கிறது. ஒன்பது நாளைக்கு முன் வெளியூரிலிருந்து வந்த புது மீன்கள் கொண்டுவந்த தொற்று, உடம்பு கறுக்கும், வழுவழுப்பு கூடும், தீனி எடுக்காது, ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு வலை வழியாகவும் கை வழியாகவும் தாவும், உறுதியான மருந்து கிடையாது என்று சொன்னாள். புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னாள். புத்தகத்தில் ‘இருக்கலாம்’ என்றுதான் இருந்தது. அவர் கேட்டபோது, கொளத்தூரில் இருபது வருஷமாக மீன் வளர்க்கிற மனிதர், மூன்று மாதம் முன்பு வேலைக்கு வந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணை நேராகப் பார்த்து நிச்சயமாத்தானா என்று கேட்டபோது, ‘இருக்கலாம்ணே’ என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதானா? வெட்கமா? ஆமாம், வெட்கம்தான். வேறு நல்ல காரணம் ஏதாவது அகப்படும் என்று மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவர் ‘சரி டாக்டரம்மா’ என்றார். முதல் நாளே நான் டாக்டர் இல்லண்ணே, மீன்வளப் பட்டம்தான் என்று சொல்லிப் பார்த்தாள். ‘எனக்கு நீதாம்மா டாக்டர், ஊர்ல இருக்கறவன் என்னான்னா கூப்ட்டுக்கட்டும்’ என்று சிரித்தார். கிராம்பு எண்ணெய் விட்டு மீன்களை முதலில் மயக்கியது இவள். பவுடரைக் கரைத்து ஊற்றியது அவர், ஒவ்வொரு தொட்டியாக, கையுறை போட்டுக்கொண்டு. ஐந்தாம் தொட்டி ஜோடியிடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றார். எட்டு நாள் குஞ்சுகள். டிஸ்கஸ் குஞ்சு தாய் தகப்பன் உடம்பில் ஊறும் பாலை மேய்ந்துதான் வளரும், ரெண்டு விலாவிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு. பெரிய மீன் மயங்கிச் சாய்ந்த பிறகும் அவை அதன் விலாவை விடவில்லை. சாய்ந்த பக்கத்தில் இருந்தவை வெளியே வந்து மேல்பக்கத்துக்கு மாறிக்கொண்டன. அவர் அதைப் பார்த்தார். இவளும் பார்த்தாள். ஊத்தட்டுமா, என்றார். ஊத்துங்கண்ணே, என்றாள். ஊத்துங்கண்ணே.

அப்படி ஊற்றியும் நிற்கவில்லை. அதுதான். ஊற்றிய மறுநாளே இரண்டாம் வரிசை கறுக்கத் தொடங்கியது. இவள் எதை விட்டாள்? உப்புப் போட்டாயிற்று. மருந்து போட்டாயிற்று, எடைக்கு எடை, மூன்று தரம் கணக்குப் போட்டு. சூட்டை முப்பத்தொன்றுக்கு ஏற்றியாயிற்று. கார்த்திகை மழையில் சூடு இறங்கக் கூடாது என்று தகரக் கொட்டகையைச் சுற்றிப் பிளாஸ்டிக் படுதாவை இழுத்துக் கட்டச் சொல்லி, காற்று நுழையும் இடுக்கையெல்லாம் இவளே டேப் ஒட்டி அடைத்தாள். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை. செவுளைக் கத்தரித்து நுண்ணோக்கியில் வைத்தாள், குடலை வைத்தாள், தோல் வழுவழுப்பைச் சுரண்டி வைத்தாள். புழு இல்லை. ஒட்டுண்ணி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. செய்முறைத் தேர்வில் ஒருமுறை ‘கிருமி இல்லை’ என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் அடித்து, ‘காணவில்லை என்று எழுது’ என்று திருத்தித் தந்திருந்தார்கள். காணவில்லை, காணவில்லை, காணவில்லை என்று நோட்டில் ஆறு பக்கம். யாரிடம் கேட்பது? கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பெருவிரலும் கும்பிடும் கையும் அனுப்புவார்கள். அப்பாவிடமா? பெரம்பலூர்ப் பக்கம் குவாரியில் கல்லுக்குத் துளை போடுகிறவர் தினமும் சாயங்காலம் போன் செய்து, இன்னிக்கு எத்தனை மீனைப் பொழைக்க வச்ச, என்பார். மீன் டாக்டரா, கொழம்புல போடறதுக்கு முன்னாடியா பின்னாடியா என்று குவாரியில் எல்லாரும் அவரைக் கேலி செய்வார்களாம். அதையும் பெருமையாகத்தான் சொல்வார். பன்னிரண்டாவது முடித்ததும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் அவரோடு வரிசையில் நின்றாள், மூன்று நாள். இந்தக் குடும்பத்தில் இவருக்கு முன் எவரும் பட்டம் பெற்றதில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தார். இப்போது அந்தத் தாளை நினைத்தால் அதில் வேறொன்றும் எழுதியிருப்பதுபோல இருக்கிறது, நீ சொல்வது சரியா தப்பா என்று பார்த்துச் சொல்ல உன் வீட்டில் ஒருவரும் இல்லை என்று. டொக். பதினேழாம் தொட்டி. எண்ண வேண்டாம். எண்ணி என்ன. இரண்டே முக்கால்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நேற்று மதியம் பதிமூன்றாம் தொட்டியில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்ட சிவப்பு மீனைத் தனியே எடுத்துக் கொட்டகைக்கு வெளியே குழாயடியில் நீலத் தொட்டியில் விட்டிருந்தாள். தொட்டிகளுக்கு மாற்றுவதற்காக நாலைந்து நாளாக ஆறப் போட்டிருந்த தண்ணீர் அது. காற்றுக் குழாய்கூடப் போடவில்லை, ஒரு மணி நேரத்தில் சாகப்போகிறதற்கு எதற்கு என்று. செத்தவுடன் அறுத்தால் குடல் அழுகுவதற்குள் பார்க்கலாம். ஆனால் நேற்று அறுக்கவில்லை. காலையிலும் அறுக்கவில்லை, பக்கத்தில் போகவே இல்லை. இப்போது கத்தரியையும் கிராம்பு எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு படுதாவை விலக்கி வெளியே வந்தாள். ஈரக் காற்று முகத்தில் பட்டது. உள்ளே எவ்வளவு புழுக்கம் என்று வெளியே வந்தால்தான் தெரிகிறது, தலைகூட லேசாகக் கனக்கிறது. குனிந்தாள். மீன் நிமிர்ந்து நின்றது. முதலில் வேறு மீனோ என்று நினைத்தாள், வேறு மீன் எப்படி வரும். முதுகுத் துடுப்பு விரிந்திருந்தது. கறுப்பு வடிந்து, ஓரங்களில் பழைய சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது, வெந்நீரில் போட்ட சாயம் பரவுவதுபோல. இவள் நிழல் விழுந்ததும் சற்றே பின்வாங்கி, பிறகு தீனி கேட்கிற பழைய பழக்கத்தில் முன்னால் வந்தது. மருந்து இல்லை, சூடு இல்லை, உப்பு இல்லை. தண்ணீருக்குள் ஒரு கொசுப்புழு சுருண்டு நெளிந்து மேலே போனது. மீன் அதை ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தது, அவசரமே இல்லாமல், வாயைக் குவித்து டப்பென்று உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னொன்று நெளிந்தது. அதையும். கறுத்த மீன் ஒன்றுகூட இந்த ஏழு நாளில் வாய் திறக்கவில்லை. சாப்பிடு, சாப்பிடு, கொசுப்புழு எத்தனை இருக்கிறது பார், நாலு நாள் தண்ணீர் நின்றால் போதும் இந்த ஊரில், மீன் பண்ணை என்றால் கொசுதான், வந்த முதல் மாதமே கையெல்லாம் தடித்துக் கொப்புளமாகி, அப்புறம் இந்த மழையில் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்து, திரும்பி வந்தபோது கஸ்தூரி அக்கா, தணிகாசலம் அண்ணனின் மனைவி, இவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, ‘இன்னா கண்ணு, உன்னைக் கொசுவுக்குக் குத்தகைக்கு உட்டுட்டோமா நாங்க’ என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கொசு மருந்து மெஷினைக் கொண்டுவந்து, கொட்டகையில் எந்த பிளக் காலியாக இருக்கிறது என்று தேடி.

தேடி ப்ளோயருக்குப் பக்கத்தில் மாட்டினார். செவ்வந்தி குனிந்தபடியே இருந்தாள். பத்து நாளைக்கு முன். காய்ச்சலிலிருந்து திரும்பிய அன்று. பத்து. மறுநாள் புது மீன் வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து முதல் மீன் கறுத்தது. ப்ளோயர் கொட்டகைக் காற்றை உறிஞ்சி, குழாய் வழியாக ஒவ்வொரு தொட்டிக்கும் தள்ளுகிறது, தண்ணீருக்கு அடியில் குமிழி குமிழியாக. அது வாய் வைத்து உறிஞ்சுகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தச் சின்ன மெஷின் இரவும் பகலும் மருந்தை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கிறது. முதல் வரிசைக்குத்தான் காற்று முதலில் போகும். பிறகு இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசைக்கு எட்டாது என்று பழைய சின்ன மோட்டார்கள், அவை வெளிச்சுவரில் இருக்கின்றன. வெளிக்காற்று. தொற்று வரிசை வரிசையாகத் தாவிப் போகிறது என்று நினைத்தாளே, அது குழாய் போகிற வழி. கொசுவைக் கொல்கிற மருந்து மனிதனை ஒன்றும் செய்யாது, மீனுக்கு மட்டும் துளியே விஷம், மூன்றாம் ஆண்டு, பூச்சிக்கொல்லிகள் பற்றிய அலகு, ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதினாள். நடுக்கம், திடீர்ப் பாய்ச்சல், நிறம் கறுத்தல், தீனி மறுத்தல் என்று வரிசையாக எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். அந்த விடைத்தாளில் இருந்த மீனும் இந்தத் தொட்டியில் இருந்த மீனும் ஒன்றே என்று ஏன் தோன்றவில்லை? மெஷின் ஒன்றும் அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இல்லை. அந்தச் சிவப்பு விளக்கைத் தினமும் பார்த்தாள், கொசு கடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டாள். மெஷின் மட்டுமே இருந்திருந்தால் கொட்டகையின் இடுக்குகள் வழியாகப் பாதி போயிருக்கும். இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்தது யார்? கஸ்தூரி அக்கா ஒரு சாண் தூரத்தில் மாட்டினார். இவள் கதவைச் சாத்தினாள். இல்லை, இது தப்பாகவும் இருக்கலாம், புது மீனில் தொற்றும் இருந்து இதுவும் சேர்ந்திருக்கலாம், ஒரு மீன் பிழைத்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இருக்கலாம். இப்போது இருக்கலாம் என்று சொல்ல வருகிறது பார். எழுந்து உள்ளே ஓடினாள்.

பிடுங்கியபோது மெஷின் கையில் சுட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டாள். படுதாவின் கட்டுகளை அவிழ்த்தாள், டேப்பை நகத்தால் கீறி இழுத்தாள், அது நன்றாகவே ஒட்டியிருந்தது, அவள் ஒட்டியது. ப்ளோயரை வயர் எட்டுமட்டும் இழுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். பதினாலாம் தொட்டியில் குழாயைப் போட்டு வாயால் உறிஞ்சிப் பழைய தண்ணீரை இறக்கிவிட்டாள். தண்ணீர் தரையில் ஓடும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இப்படியே இருந்தால் யாருக்குத் தெரியும்? மெஷினைப் போகிற வழியில் குப்பையில் போட்டுவிடலாம். நாலு மணிக்கு அண்ணன் வந்தால், இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்ணே, கொஞ்சம் தெளிவு தெரியுது என்று சொல்லலாம். நாளைக்கு நிறம் வரும். நாளை மறுநாள் தீனி எடுக்கும். மருந்து வேலை செய்திருக்கிறது என்று அவரே சொல்வார். முதல் வரிசை போனதால்தான் இரண்டாம் வரிசை பிழைத்தது என்றுகூட ஆகிவிடும், பொய்யே சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். தெருவில் மற்ற பண்ணைக்காரர்கள் கேட்டு வருவார்கள். அப்பாவிடம் பத்துத் தொட்டி மீனைப் பொழைக்க வச்சேன்ப்பா என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. சொல்லிவிட்டால்? இந்த வேலை போகும். தப்பாகச் சொல்லி ஜோடியைக் கொன்ற பெண் என்று தெரு முழுக்கத் தெரிந்தால் அடுத்த வேலையும் போகும். ஊத்தட்டுமா. ஊத்துங்கண்ணே. பேசாமல் இருந்தால் அந்த இரண்டு வார்த்தை என்ன ஆகும்? சரியான வார்த்தைகளாக ஆகிவிடும். அந்தக் குஞ்சுகள் மேல்பக்கத்துக்கு மாறியது நோயைத் தடுப்பதற்காக நடந்த ஒன்றாக ஆகிவிடும், அதை அவள் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி தெரிந்து வைத்துக்கொண்டு, நாற்பது வயதில், ஐம்பது வயதில், யாராவது இளைய பெண் நிச்சயமாகவா மேடம் என்று கேட்கும்போது. குழாயை மாற்றிப் பதினைந்தாம் தொட்டியில் போட்டாள். இன்னும் முடிவு செய்யவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. மணி மூன்று ஐம்பது. ஏன் சீக்கிரம் வந்தார்.

‘இன்னா டாக்டரம்மா, கூரையத் தவிர எல்லாத்தையும் பிரிச்சிட்ட,’ என்றபடி தணிகாசலம் பவுடர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். அவள் சொன்னாள். முதலில் மீனைச் சொல்லி, பிறகு ப்ளோயரைச் சொல்லி, குழப்பி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். பையிலிருந்து மெஷினை எடுத்துக் காட்டினாள். டேப் ஒட்டியதையும் சொன்னாள். முதல் வரிசைக்குப் பெரும்பாலும் நோயே இல்லண்ணே, நான் நிச்சயம்னு சொன்னது தப்பு, என்றாள். அவர் மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘அந்த ஜோடி?’ என்றார். ‘அதுவும் பொழச்சிருக்கும்ணே. தண்ணி மாத்தியிருந்தா.’ அவர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தார். ‘உனக்கு எப்போ தெரியும்?’ ‘ஒரு மணி நேரம் முன்னாடி.’ ‘புடுங்கிப் போட்டுட்டுக் கம்முனு இருந்திருக்கலாமே.’ ‘இருந்திருக்கலாம்ணே.’ அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும், ஒரு வேலை முடிந்துவிடும். அவர் மெஷினைத் தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். ‘கஸ்தூரி மாட்டுன இதாலதான்னு அவகிட்ட சொல்லிடாத,’ என்றார், அவளைப் பார்க்காமல். ‘அந்த ஜோடிய அவதான் வளத்தா. அஞ்சு ரூபா காயின் சைஸ்ல வந்தது. கையால ஊட்டுவா. தெரிஞ்சா சோறு திங்க மாட்டா. நோய்னே இருக்கட்டும்.’ ‘அண்ணே, அது பொய்ணே. படுதாவ அடைச்சது நான்தான், என் தப்புன்னே சொல்லிடறேன்.’ ‘உன் தப்பு இன்னான்னு ஆரம்பிச்சா அவ அந்த மெஷின்ல வந்துதான் நிப்பா. நீ எங்கிட்ட சொல்லிட்ட. போதும்.’ போதுமா? இவ்வளவு கஷ்டப்பட்டு வெளியே எடுத்ததை இப்படி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால், அது சொன்ன மாதிரியா, சொல்லாத மாதிரியா. அவர் எழுந்து, ‘எந்தத் தொட்டிக்கு மொதல்ல தண்ணி?’ என்று கேட்டார். பதினேழு, என்றாள்.

பதினேழில் பாதி இறங்குவதற்குள் கஸ்தூரி அக்கா டீயோடு வந்துவிட்டார். தூக்குவாளியைக் கீழே வைக்காமலே தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ‘இன்னிக்கு ஊத்தலயா? ஏம்மா, பொழச்சிக்குமா இதுங்க?’ பொழச்சிடும்னு நெனைக்கறேங்க்கா. ‘உன் மருந்து புடிச்சிடுச்சா?’ செவ்வந்தி குழாயின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் முதுகைக் காட்டிக்கொண்டு வாளியில் தண்ணீர் மொண்டார், நிறைந்த பிறகும் மொண்டார். ‘அந்த ஜோடிக்கும் இந்த மருந்த இன்னும் ரெண்டு நாள் போட்டுப் பாத்திருக்கலாம். சரி, உனக்குத் தெரியாதா,’ என்றார் அக்கா. குரலில் குறை ஒன்றும் இல்லை. பிறகு அவர் கண் சுவருக்குப் போனது. ‘கொசு மெஷின் எங்க? யாரு எடுத்தது? படுதாவ வேற தொறந்து போட்டு வச்சிருக்கீங்க, பொண்ண மறுபடியும் காய்ச்சல்ல படுக்க வைக்கவா?’ அண்ணனின் கை வாளிக்குள் நின்றது. செவ்வந்தியின் வாயில் எல்லாம் தயாராக இருந்தது, ப்ளோயர், ஒரு சாண், குழாய், ஐந்து மதிப்பெண், ஒருமுறை சொன்னதால் இப்போது வரிசை தப்பாமல் சொல்ல முடியும். அக்கா அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, புதிதாக ஏதாவது தடித்திருக்கிறதா என்று பார்த்தார். விரல்கள் டீ வாளியின் சூட்டோடு இருந்தன. ‘நான்தாங்க்கா எடுத்தேன்,’ என்றாள் செவ்வந்தி. ‘அந்த வாசனை எனக்கு ஒத்துக்கல. தலை வலிக்குது.’ அக்கா கையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ‘அப்பவே சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா? மாட்டுன அன்னிக்கே சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே.’ ஆமாங்க்கா, என்றாள். அன்னிக்கே சொல்லியிருக்கணும். பதினேழாம் தொட்டியில் தண்ணீர் மீன்களின் முதுகுவரை இறங்கிவிட்டிருந்தது. அவள் குழாயை எடுத்துப் பதினெட்டில் போட்டாள்.